தண்ணியா, கையா?

பேகம்பூர் ஜெய்தூன் பீவியின் முகத்தை நான் ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை. ஏழெட்டு வருஷம் அவரோடு வாதாடியிருக்கிறேன், அவரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன், ஒரு தடவை மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். எல்லாம் ஒரு மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான். அவருடைய கால்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத கால்கள்.

அவருக்கு நான் ஓர் அநியாயம் செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. பக்தியோடு செய்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

என் பெயர் மரியசெல்வம். 1957-லிருந்து 66 வரை திண்டுக்கல்லில் ஒரு தாவரத் தோட்டத்தில் கிளார்க் வேலை பார்த்தேன். பேகம்பூரின் கடைசித் தெருவைத் தாண்டினால், தோல் வியாபாரி ஒருவர் தானமாகக் கொடுத்த நாலு ஏக்கர். போர்டில் தாவரத் தோட்டம் என்று எழுதியிருந்தாலும் ஊரில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பூச்செடி ஆபீஸ் என்பார்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு, அங்கே வேப்பமரத்தடியில் தோட்டம் போடுவதைப் பற்றி ஒரு பேச்சு நடக்கும். பேசுகிறவர் பொன்னுத்துரை. ஒட்டன்சத்திரத்துக்காரர், மதுரையில் விவசாய ஆபீசர், பஸ்ஸில் வந்து இறங்குவார். நோட்டீஸ் ஒட்டுவது, பெஞ்சு போடுவது, பேச்சு முடிந்ததும் இலவச விதைப் பொட்டலத்துக்கு அடிதடி நடக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் தலையில்.

ஆபீசர் நல்ல மனிதர், படித்த மனிதர். ஆனால் அவருடைய குறிப்பு நோட்டு மலைப்பிரதேசத்துக்கு எழுதியது. எங்கள் வெயிலில் நின்றுகொண்டு டேலியாப் பூவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். ஆத்தூரிலிருந்தும் சித்தையன்கோட்டையிலிருந்தும் வந்த சம்சாரிகள் துண்டு முனையில் நோய் பிடித்த கத்தரி இலையை முடிந்துகொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு முடிந்ததும் டேலியாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அந்த இலையை அவிழ்த்துக் காட்டுவார்கள். அப்போதுதான் உண்மையான பேச்சு தொடங்கும்.

பேகம்பூரிலிருந்து வரும் முஸ்லிம் பெண்களுக்காக வலது பக்கம் ஒரு மூங்கில் தட்டி கட்டியிருந்தோம். தட்டிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. உள்ளே எல்லாரும் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஜோடிக் கால் மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்கும். ஆபீசர் ஏதாவது சொல்வது பிடிக்கவில்லையென்றால் கால்கள் சட்டென்று நிற்கும், தட்டி ஆடும். "நல்ல தண்ணீராகப் பார்த்து ஊற்ற வேண்டும்" என்று அவர் சொன்னபோதெல்லாம் தட்டி ஆடியது. ஒரு தடவை கட்டே அவிழ்ந்து சரிந்தது. காற்று என்று நினைத்து மறுபடி கட்டினேன். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சப்படுகிறவர்களுக்காக ஒரு பிஸ்கோத்து டின்னைக் கேள்விப் பெட்டியாக வைத்திருந்தேன். சீட்டெழுதிப் போட்டால் அடுத்த மாதம் ஆபீசர் பதில் சொல்வார். 57 செப்டம்பரில் அந்த டின்னைத் திறந்தபோது தினசரிக் காலண்டர் தாள் ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. பிரித்தேன். பின்பக்கம் முழுக்க அரபி எழுத்து. சட்டென்று மடித்துவிட்டேன்.

இதை விளங்கிக்கொள்ள என் வளர்ப்பைச் சொல்ல வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் ஒரு பெட்டி இருக்கும். மனக்குறை உள்ளவர்கள் அதை எழுதி மடித்து உள்ளே போடுவார்கள். அதற்கு மன்றாட்டுச் சீட்டு என்று பெயர். சின்ன வயதில் யாரோ போட்ட சீட்டை நான் பிரித்துப் பார்த்தேன் என்று என் அம்மா முதுகில் வைத்தது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்தவர் மன்றாட்டைப் பிரித்தால் அது பலிக்காது என்பார். அரபி எழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: யாரோ ஒரு அம்மா தன் செடி கொடிக்காக அவர்கள் முறைப்படி ஆண்டவனுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். இதை ஆபீசரிடம் கொடுப்பது மரியாதையில்லை, கிழித்துப் போடுவது பாவம், தரையில் விடவே கூடாது.

ஆகவே ஒரு சுத்தமான அட்டைப்பெட்டியில் போட்டு, பீரோவுக்கு மேலே, என் அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த மாதம் ஒன்று வந்தது. அதற்கடுத்த மாதமும். வெள்ளிக்கிழமை தோறும் படத்துக்குக் கொளுத்துகிற ஊதுபத்தியைப் பெட்டிக்கும் ஒரு சுற்றுக் காட்டினேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிற மதத்தாரின் நம்பிக்கையை இவ்வளவு கண்ணியமாக யார் காப்பாற்றுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். முட்டாளுக்குப் பெருமை வேறு.

பதினேழு சீட்டுகள். 59 பிப்ரவரியில் சீட்டு வரவில்லை. அந்தக் கால்களும் வரவில்லை. தட்டி ஆடாமல் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் மாதம் முதல் தடவையாக மைக் செட் வைத்தோம். பீர் முகமது என்பவருடையது. பேச்சு முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டு கையெழுத்து வாங்க ஆபீஸுக்குள் வந்தவர் பீரோ உச்சியைப் பார்த்தார்.

"என்ன கிளார்க் சார், அந்தோனியாருக்குத் துணைக்கு ஒரு பெட்டி?"

நான் பயபக்தியாக இறக்கிக் காட்டினேன். "உங்க ஆளுங்க வேண்டுதல், பாய். ஒண்ணுகூட தொலையாம வச்சிருக்கேன்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேலாக இருந்த ஒன்றைப் பிரித்தார். உதடு அசைந்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். அருகில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார்.

"சார், இது ஓதுற அரபி இல்ல. அரபுத்தமிழு. எழுத்துதான் அது, பேச்சு நம்ம பேச்சு. எங்க பொம்பளைகள்ல பாதிப் பேரு ஓதுற பள்ளியில இதத்தான் படிச்சாக, தமிழெழுத்து தெரியாது. கடுதாசி, கணக்கு, மாவரைக்கக் கொடுத்த குறிப்பு எல்லாம் இதுலதான். இது வேண்டுதல் இல்ல சார். கேள்வி."

"யாருக்குக் கேள்வி?"

"உங்க ஆபீசருக்கு."

பெட்டியை மேஜையில் கவிழ்த்தேன். காலண்டர் தாள்கள் ஆனதால் தேதி பார்த்து அடுக்க முடிந்தது. அவர் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க நான் தமிழில் எழுதிக்கொண்டேன். முதல் சீட்டு இது:

"சபைக்கு ஸலாம். எங்க கொல்லைக் கெணறு உப்பு. கன்னிவாடியில எங்க அத்தா வீட்டுல இருந்து எலுமிச்சங்கன்னு கொண்டாந்து வச்சேன். மூணாம் வாரம் எலை நுனி கருகி, ஆறாம் வாரம் பட்டுப்போச்சு. இதோட நாலு கன்னு. என் கைக்கு ராசியில்லன்னு வீட்டுல சொல்றாக. தண்ணியா, கையா? ஆபீசர் ஐயா சொல்லணும். பேகம்பூர் ஜெய்தூன்."

பீர் முகமதுக்கு அந்த வீட்டைத் தெரிந்திருந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருக்கும் சேக் பரீதின் மனைவி. மாமியார் காதர் பீவி. பெயரைச் சொன்னதும் எனக்கும் தெரிந்துவிட்டது. ஊரிலேயே பெரிய கைராசிக்காரர் என்று பெயரெடுத்த அம்மா அவர். புது வீட்டுக்கு முருங்கைக் கொப்பு ஊன்ற வேண்டுமா, கிணற்றடியில் முதல் தென்னங்கன்று வைக்க வேண்டுமா, சாதி மதம் பார்க்காமல் ஆள் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். எங்கள் தோட்டத்தின் முதல் கன்றையே அவர் கையால்தான் நட்டோம். அப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வந்து, வைத்ததெல்லாம் பட்டுப்போனால் என்ன பேச்சு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சீட்டுகள் தொடர்ந்தன. இரண்டாவது: "போன மாசம் கேட்டதுக்குப் பதில் வரல. நேரம் இல்லாமப் போயிருக்கும். திரும்பக் கேக்குறேன்." மூன்றாவதிலும் நாலாவதிலும் அதே கேள்விதான், எழுத்து மட்டும் பெரிதாகியிருந்தது. ஐந்தாவது: "பட்டுப்போன கன்னைப் புடுங்கிப் பாத்தேன். நுனி வேரு அம்புட்டும் அவிஞ்ச கீரைத்தண்டு கணக்கா இருக்கு. கைராசி வேரு வரைக்கும் போகுமா?"

பீர் முகமது இப்போது சிரிக்கவில்லை.

ஒன்பதாவது சீட்டில் அந்த அம்மா சோதனையில் இறங்கிவிட்டார். "இப்ப ரெண்டு கன்னு. ஒண்ணுக்குக் கெணத்துத் தண்ணி. ஒண்ணுக்குக் குழாத்தண்ணி, குடிக்கிறதுல என் பங்குல இருந்து ஒரு சொம்பு. ரெண்டையும் நட்டது இதே கைதான்." குழாய்த் தண்ணீர் அப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வரும். அந்தச் சொம்பின் அருமை திண்டுக்கல்காரர்களுக்குத் தெரியும்.

பதினொன்றாவது: "குழாத்தண்ணிக் கன்னு துளிர் விட்டுச்சு. வேரு எப்படி இருக்குன்னு பாக்காம இருக்க முடியல. புடுங்கிப் பாத்தேன். வெள்ளவெளேர்னு இருந்துச்சு. திரும்ப நட்டேன், பிழைக்கல. அத என் கைதான் கொன்னுச்சு, ஒத்துக்குறேன். ஆனா ராசியால இல்ல."

ஜெயித்த கன்றை ஜெயித்த அன்றே பிடுங்கிப் பார்த்திருக்கிறார். கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. இன்னும் ஒரு மாதம் சும்மா இருந்திருந்தால் மாமியாரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். சும்மா இருப்பதுதான் அவருக்கு முடியாத காரியம்.

பதினாலாவது சீட்டை பீர் முகமது முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஊருல எல்லாருக்கும் நடுறீக, நம்ம கொல்லையில ஒண்ணு நடுங்க மாமின்னு கேட்டேன். சந்தோசமா நட்டாக. கெணத்துத் தண்ணிதான் ஊத்துனேன். அதுவும் நுனி கருகிப் பட்டுப்போச்சு. மாமி கண்ணுல படுறதுக்கு முன்னால புடுங்கிட்டேன். ஆடு தின்னுருச்சுன்னு சொல்லிட்டேன். இதச் சத்தமா வாசிக்க வேண்டாம். வயசான காலத்துல அவுக பேரு கெட வேண்டாம். உப்புத் தண்ணிக்கு யாரு நட்டாலும் இப்படித்தான்னு ஆபீசர் ஐயா பொதுவாச் சொன்னாப் போதும். அவர் சொன்னா வீட்டுல கேப்பாக."

கையில் அத்தாட்சியை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். பதறித் துடிக்கிற அந்த மனுஷி, இந்த ஒன்றில் மட்டும் பொறுத்திருக்கிறார். எங்கள் மேடையிலிருந்து ஒரு வரி வரட்டும் என்று மாதாமாதம் வந்து தட்டிக்குப் பின்னால் நடந்திருக்கிறார். அந்த ஒரு வரியை நான் பீரோ மேல் வைத்து ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சீட்டு, ஜனவரி: "நாத்தனா நர்கீஸுக்குப் புள்ள பொறந்திருக்கு. தொட்டில்ல போட என்னையக் கூப்புடல. மாமி வேண்டாம்னுட்டாக. நர்கீஸு அழுதா. செடியோட போயிருந்தா நான் கவலப்பட்டிருக்க மாட்டேன். பதினேழு தடவ கேட்டும் நீங்க வாய் தொறக்கல. பதில் சொல்லக் கூச்சப்படுறீக போல. கைதான்னா கைன்னே சொல்லிருங்க. இனிமே வரமாட்டேன்."

நாங்கள் சும்மா இருந்ததையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டார். பீர் முகமது சீட்டுகளை அடுக்கிப் பெட்டியில் வைத்தார். பீரோ மேலே வைக்கவில்லை. என் மேஜை மேலே, நான் பார்க்கிற இடத்தில் வைத்தார்.

அடுத்த பேச்சுக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. அந்த நாலு வாரம் நானும் ஜெய்தூன் பீவியாகிவிட்டேன். ஆபீஸில் உட்கார முடியவில்லை, வீட்டில் சோறு இறங்கவில்லை. மறுநாளே பேகம்பூருக்குப் போனேன். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது காதர் பீவி.

"வாங்க தம்பி, பூச்செடி ஆபீஸு தம்பிதானே. செத்த நேரம் உக்காருங்க, டீத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்." வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போட்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். கன்று நடத்தான். "நாகல்நகர்ல ஒரு வீட்டுல கூப்புட்டிருக்காக. என் கையால வச்சாத்தான் ஆச்சாம்."

உள்ளே அடுப்படியில் யாரோ எதையோ இடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுற்றி வளைத்து, ரொம்ப நாளாக உங்கள் வீட்டுப் பெண்கள் பேச்சுக்கு வரவில்லையே என்று ஆரம்பித்தேன்.

"மருமவ இப்பச் செடி பக்கமே போறதில்ல தம்பி. நான்தான் வேணாம்னேன். நல்ல புள்ள, பதறுன புள்ள, எம்மேல உசுரு. கைதான் ஆகாது. அல்லா ஒவ்வொரு கைக்கும் ஒண்ணக் குடுத்திருக்கான்."

உள்ளே இடிக்கிற சத்தம் நின்றது. அந்த அம்மா கெட்டவர் இல்லை. பொய்யும் சொல்லவில்லை. அவர் முன்னால் நான் எதைச் சொன்னாலும் பதினாலாவது சீட்டின் ரகசியத்தில் கொண்டுபோய் விடும். டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். நான் வாசலைத் தாண்டும் வரை இடிக்கிற சத்தம் திரும்பத் தொடங்கவில்லை.

அதே வாரம் மதுரைக்குப் பஸ் ஏறி ஆபீசரைப் பார்த்தேன். ஏப்ரல் மாதத்துக்கு அவர் பெட்டூனியாப் பூவைப் பற்றிக் குறிப்பெடுத்து வைத்திருந்தார். நான் எழுதிக் கொண்டுபோனதை நீட்டினேன். முதல் இரண்டு சீட்டைப் படித்துவிட்டு, "இதிலென்னங்க சந்தேகம், தண்ணிதானுங்களே. ஒரு வரியில சொல்லிப்போடலாம்" என்றார்.

"முழுக்கப் படிங்க சார்."

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி ஒருமுறை படித்தார். "ஏனுங்க செல்வம், யாருங்க இந்தம்மா? காலேஜ்ல எங்களுக்கு ரெண்டு கன்னு வச்சு ஒப்பிட்டுப் பாக்கோணும்னு சொல்லிக்குடுத்தாங்க. இவங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" முதல் சீட்டின் தேதியைத் தேடிப் பார்த்தார். "ஒண்ணரை வருஷமா அவங்க உப்புத் தண்ணியைப் பத்திக் கேட்டுட்டு இருக்காங்க, நான் டேலியா பேசிட்டு இருந்திருக்கனுங்க." பெட்டூனியாவை மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

அவர் வருகிறார் என்பது நிச்சயம். அந்த அம்மா வரமாட்டார் என்பதும் நிச்சயம். பீர் முகமதுதான் வழி சொன்னார். "அவுக வரலைன்னா என்ன சார், குழாய்ச் சத்தம் போகும்ல." பேச்சன்று இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களில் ஒன்றைக் கூட்டத்துக்கு வைத்துவிட்டு, மற்றதை வேப்பமரத்தின் மேல் கொப்பில் பேகம்பூரைப் பார்த்துக் கட்டினார். காற்றும் அன்று அந்தப் பக்கம்தான் அடித்தது. நான் நோட்டீஸைக்கூடத் தெருத் தெருவாக நானே ஒட்டினேன்: உப்புக் கிணறும் எலுமிச்சையும்.

நாலு மணிக்குக் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. வழக்கத்தைவிட மூன்று பங்கு. திண்டுக்கல்லில் உப்புக் கிணறு இல்லாதவன் யார்? முன்வரிசை பெஞ்சில், ராசிக்காரருக்குரிய மரியாதையோடு, காதர் பீவி உட்கார்ந்திருந்தார். வயதானவர் என்பதால் அவருக்குத் தட்டி தேவையில்லை. தட்டிக்குப் பின்னால் நடக்கிற கால்கள் இல்லை.

ஆபீசர் குறிப்பு நோட்டைத் திறக்கவே இல்லை. "கிணறு உப்பா இருக்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார். தோட்டம் முழுக்கக் கை. "வச்ச எலுமிச்சை நுனி கருகிப் போனவங்க?" பாதிக்கு மேல் கை இறங்கவில்லை. "அப்ப இத்தனை பேருக்கும் கை ஆகலைன்னு அர்த்தமுங்களா?" கூட்டம் சிரித்தது. "உப்புத் தண்ணிக்கு எலுமிச்சையை ராசிக்காரர் நட்டாலும் கருகும், ராஜா நட்டாலும் கருகும். வேரு நுனி அவிஞ்சு போகுது. குத்தம் தண்ணியில, கையில இல்லை."

ராசிக்காரர் என்ற சொல் வந்ததும் நான் காதர் பீவியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. துப்பட்டியின் நுனியை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் விடவில்லை. நான் வேண்டாம் என்று கையைக் காட்டியும் அவர் பார்க்கவில்லை. "இன்னொண்ணுங்க. கை செய்யற குத்தம் ஒண்ணே ஒண்ணுதான். நட்டதைப் புடுங்கிப் புடுங்கிப் பாக்கறது. நட்ட பொறவு கையை எடுத்துப்போடோணும்." மரத்தின் மேலிருந்த குழாய் அதை அப்படியே கொண்டுபோய்ப் பேகம்பூர் ஓட்டுக் கூரைகள் மேல் போட்டது.

மே மாதம் நான் தட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றே முக்காலுக்குக் கால்கள் வந்தன. இந்தக் கோடி, அந்தக் கோடி. என் மனதுக்குள் நான் சொன்ன நன்றிக்கு அந்தோனியாருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். பேச்சு தொடங்குவதற்கு முன் தட்டியோரம் போய் நின்று, சீட்டுகளை நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நடந்துகொண்டிருந்த கால்கள் தட்டியருகே வந்தன.

"ஊதுபத்தி காட்டுனீங்களா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை."

தட்டி ஆடியது. இந்தத் தடவை சிரிப்பு என்று நினைக்கிறேன். பிறகு தட்டிக்கு அடியில் ஒரு காலண்டர் தாள் நீண்டது. பீர் முகமது வாசித்துச் சொன்னார்: "தண்ணின்னு சொன்னீக. சந்தோசம். அந்தத் தண்ணிய என்ன செய்யணும்னு சொல்லலையே. அதுக்கும் பதினேழு மாசம் ஆகுமா?"

பதினேழு மாதம் ஆகவில்லை. ஆபீசர் சொன்னதில் பாதி, அவராகக் கண்டுபிடித்தது பாதி. தரையை மேடாக்கி அதன் மேல் நடுவது. அரிசி களைந்த தண்ணீரை வீணாக்காமல் ஊற்றுவது. ஐப்பசி மழையை ஓட்டிலிருந்து தகரம் வைத்துப் பானையில் பிடிப்பது. தோல் பதனிட்டபின் ஷாப்பில் எறியும் ஆவாரம்பட்டையை அலசிக் காயவைத்து வேரடியில் பரப்புவது. உப்புக்கு அஞ்சாத மாதுளையை ஓரத்தில் வைத்து, எலுமிச்சையை வாசலுக்குப் பக்கத்தில் வைப்பது. எதையும் ஒரு மாதம் ஒரே மாதிரி செய்தார் என்றில்லை. இன்று பட்டை, நாளை சாம்பல், மறுநாள் இரண்டும் கூடாது என்று ஒரு சீட்டு. ஆபீசர் தலையைச் சொறிவார். 62-ல் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, புது ஆபீசர் வரத் தாமதமானபோது, அந்தப் பேச்சை நிறுத்துவதா என்று தோட்டக் கமிட்டி கேட்டது. பீர் முகமது மைக்கைத் தட்டிக்கு அடியில் தள்ளிவிட்டார். ஜெய்தூன் பீவி நடந்துகொண்டே பேசினார். குரல் மைக்குக்கு வரும், போகும், மறுபடி வரும். சித்தையன்கோட்டைச் சம்சாரிகள் துண்டு முடிச்சை அவிழ்த்து இலையைத் தட்டிக்கு அடியில் நீட்டினார்கள்.

ஆனாலும் ஒன்று மாறவில்லை. தோட்டத்தில் வருஷந்தோறும் மரம் நடும் ஐப்பசித் திருவிழாவுக்கு முதல் கன்று நடுவது காதர் பீவிதான். ஊர் வீடுகளிலும் கன்று நடுகிற நாளுக்கு அவர்தான் கூப்பிடப்படுவார். ஜெய்தூன் பீவியின் கையைத் தண்ணீர் காப்பாற்றியது உண்மை. ராசிக் கை என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

64 ஐப்பசி. நல்ல மழை. திருவிழாவுக்குக் கன்னிவாடி எலுமிச்சங்கன்று ஒன்றை நான் தயாராக வைத்திருந்தேன். காதர் பீவிக்கு அப்போது நடை தளர்ந்திருந்தது. நர்கீஸ் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். குழி வெட்டியாயிற்று, கமிட்டிக்காரர்கள் நின்றார்கள். நான் கன்றைக் காதர் பீவி கையில் கொடுத்தேன். அவர் குழியை விட்டுவிட்டு நேராகத் தட்டிக்குப் போனார்.

"ஜெய்தூனு, வெளிய வா. இத நீ நடு."

உள்ளே கால்கள் நின்றன. "நானா மாமி? நீங்கதானே எப்பவும்."

"எங்கைக்கு இந்தத் தண்ணி ஒத்துக்கல. ஒனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஆனாலும் பின்னாலேயே போன எனக்குக் கேட்டது. "நம்ம கொல்லைக்குள்ள ஆடு வர ஏது வழி. அன்னிக்கே தெரியும். என் பேரக் காப்பாத்திட்டு நீ பேச்சு வாங்குற, வாங்கட்டும்னு நானும் வாயத் தொறக்காம இருந்துட்டேன். அந்தப் புள்ளையத் தொட்டில்ல போடவிடாம நிறுத்துனேனே, அதுதான் எனக்கு உறங்கவிடாது. வா, நடு."

கறுப்புத் துப்பட்டி போர்த்திய உருவம் ஒன்று தட்டியைச் சுற்றி வந்தது. எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம், நானும்தான். மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அழுகிற சத்தமும் கேட்டது. மாமியா மருமகளா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தக் குழியடிக்குத்தான் போனேன். எனக்குப் பயம். அவரை எனக்குத் தெரியும். விடிந்ததும் வந்து, வேர் எப்படி இருக்கிறது என்று பிடுங்கிப் பார்த்திருப்பார் என்றே நினைத்தேன். மண் கலையவில்லை. கன்று வைத்தது வைத்தபடி நின்றது. அதைச் சுற்றி ஈரத்தில் ஒரு ஜோடிக் காலடித் தடம், இருபது முப்பது சுற்று இருக்கும். ஒரு தடம்கூடக் கன்றுக்கு ஒரு முழம் கிட்டே வரவில்லை.